எட்டு சிம் அப்பா

ஒரு புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, என்னை ஊருக்கு அனுப்ப முடியாது என்று என் அப்பா போனில் சொன்னார். அப்போது என் அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. போனில் பேசியவர் ஓசூரில் எங்கள் ஹாஸ்டல் முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்.  அவரைத் திட்டித் தீர்த்து எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்தால் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறார், நான் என்ன செய்ய?

பெயர் வேண்டாம். கடையில் நாங்கள் அவரை அண்ணா என்போம். ஐம்பத்தைந்து வயதுக்காரரை இருபது வயதுப் பெண்கள் அண்ணா என்று கூப்பிடுவது ஓசூரில் ஒன்றும் புதிதில்லை, பஸ் கண்டக்டரிலிருந்து பூக்காரர் வரை அங்கே எல்லோரும் அண்ணாதான். போனில் மட்டும் அவர் அப்பா. எனக்கு மட்டுமல்ல, எட்டுப் பேருக்கு.

முதல் முறை நான் அவரைப் பார்த்தது ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது. கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம்தான். ஜெராக்ஸ் மிஷின், ரீசார்ஜ் போர்டு, ஒரு மர மேஜை. மீதி இடம் முழுக்கக் காமிக்ஸ் புத்தகங்கள். மின்னல் விடுகிறவன், பறக்கிறவன், ஒரு குத்தில் மலையைத் தூளாக்குகிறவன் என்று அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருந்தார். மாதம் ஒரு ஞாயிறு பெங்களூருக்குப் போய் நடைபாதையில் பழைய இங்கிலீஷ் புத்தகங்களாகப் பார்த்து வாங்கி வருவார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு.

நான் போனபோது ஒரு பக்கத்தை விரித்து வைத்து, இடது உள்ளங்கையால் பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். கையை எடுத்துக் காட்டினார். கைக்குக் கீழே இருந்தது ஹீரோ. பக்கம் முழுக்கக் கையைக் காலை விரித்துப் பறந்துகொண்டிருந்தான். அவனை மறைத்துவிட்டால், மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு கிழவர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கிழவரை.

"இவன் பறந்துட்டான், சரி. அந்தாளு இன்னும் சாப்புடல பாரு, தட்டு மூடி வச்சாப்புலயே இருக்கு" என்றார்.

அதுதான் அவர். சண்டைப் பக்கங்களை ரூபாய் நோட்டு எண்ணுகிற வேகத்தில் தள்ளிவிடுவார். வீட்டுப் பக்கம் வந்தால் நின்றுவிடுவார். அந்த ஹீரோக்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றவர் இல்லாதவர்கள், யாரோ ஒருத்தர் எடுத்து வளர்த்தவர்கள் என்பதை அவர் சொல்லித்தான் நான் கவனித்தேன். ஹீரோக்களின் பெயரை அவர் வாயிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. வளர்த்தவரின் தொழிலை வைத்துத்தான் சொல்வார். மின்னல்காரனை வளர்த்தவர் தையல்காரர், அதனால் அவன் டெய்லர் பையன். மழையை நிறுத்துகிற ஒருத்தியை மாற்றாந்தகப்பன் படகு ஓட்டி வளர்த்தான், அவள் படகுக்காரன் பொண்ணு. அட்டையிலேயே பால்பாயிண்ட் பேனாவால் டெய்லர், படகு, வாட்ச் ரிப்பேர் என்று எழுதி வைத்திருப்பார். எங்களுக்கு இரவல் வேண்டுமென்றால் "டெய்லர் புக் குடுங்கண்ணா" என்றுதான் கேட்க வேண்டும். உலகத்தைக் காப்பாற்றுகிறவனுக்கு அந்தக் கடையில் அவ்வளவுதான் மரியாதை.

ஹீரோக்களின் உடுப்பை யார் துவைக்கிறார்கள் என்பது அவருக்கு நிரந்தரமான கவலை. இத்தனை ரத்தம், இத்தனை புகை, மறுநாள் புத்தகத்தில் பளிச்சென்று வருகிறானே, துவைத்தது யார்? படம் போட்டவன் அதைப் போடவே இல்லை என்று கோபித்துக்கொள்வார். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. இன்னொரு குறையும் அவருக்கு உண்டு. வளர்க்கிற அப்பன்கள் எல்லோரும் தனியாகவே இருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு பொம்பளை இல்லை. "ஒத்த ஆளு எப்பிடி பாப்பா புள்ள வளக்க முடியும்? பக்கத்துல ஒருத்தி ஒக்காந்து, சரிங்க, வேணாங்கன்னு சொல்லணும்ல" என்பார். இந்தப் பேச்சை நான் மறக்கவே முடியாமல் போனதற்குக் காரணம் பின்னால் வரும்.

அவர் அப்பா ஆன கதையைச் சொல்கிறேன். நான் பர்கூருக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமத்துக்காரி. அப்பா போன பிறகு அம்மா மாந்தோப்பில் கூலி வேலை செய்து என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். பிறகு சிப்காட்டில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனிப் பெண்கள் எல்லோரும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். ஹாஸ்டலிலிருந்து முனைக் கடை தாண்டி ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வேண்டுமென்றால்கூட அவுட்பாஸ் வேண்டும். அவுட்பாஸ் வேண்டுமென்றால் நம் அட்டையில் இருக்கிற அப்பா நம்பருக்கு வார்டன் மேடம் போன் போடுவார். அப்பா சரி என்றால் கேட் திறக்கும். அம்மா சரி என்றால் திறக்காது, ஏனென்று யாரும் கேட்டதில்லை.

சேர்கிற பாரத்தில் தந்தை அல்லது காப்பாளர் கைபேசி எண் என்று ஒரு கட்டம். என் வீட்டில் காப்பாளர் என்றால் தாய்மாமாதான். மாமாவுக்கு என்னைத் தன் இரண்டாவது மகனுக்குக் கட்டி வைக்க ஆசை, நான் வேலைக்கு வந்ததே பிடிக்கவில்லை. அவர் நம்பரைப் போட்டால் ரிடையர் ஆகிறவரை நான் கேட்டைத் தாண்ட முடியாது. பாரத்தை வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை வாசலில் நெடுநேரம் நின்றேன். எதற்கு நிற்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து, "இந்த நம்பரப் போடு, நான் பேசிக்கறேன்" என்றார். அப்பா பெயருக்கு முன்னால் லேட் என்று எழுதாமல் விட்டவள் நான்தான். அந்த ஒரு சொல்லை எழுதாததால் என் அப்பா உயிரோடு எழுந்துவிட்டார்.

விஷயம் அறையில் பரவியது. ஒருத்திக்கு அப்பா குடித்துவிட்டுப் போனை எடுக்க மாட்டார். ஒருத்திக்கு அப்பா இருக்கிறாரா என்றே தெரியாது. என் கீழ்க்கட்டில்காரி வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் பெண், அவள் அப்பா கடைகடையாய்ச் சரக்குப் போடுகிற ஆள், எந்நேரமும் வண்டியில் இருப்பார். ஆறு மாதத்தில் நாங்கள் எட்டுப் பேர் ஆனோம். நாலு பட்டன் போன், போனுக்கு இரண்டு சிம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டிக்கர் ஒட்டி ஊர் பெயர் எழுதியிருப்பார். ஒரு ஆள் பெயரில் ஒன்பது சிம் வாங்கலாமாம். ஒன்பதாவது தன் சொந்த நம்பர், அதற்குத்தான் யாரும் கூப்பிடுவதில்லை என்று சிரிப்பார்.

காசு வாங்க மாட்டார். ஒரு முறை நாங்கள் சேர்ந்து ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தோம், அதற்கே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வேலையை அவர் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஏனோதானோ கிடையாது. யார் அப்பாவுக்கு என்ன நிலம், என்ன வியாதி, எத்தனை மாடு எல்லாம் கேட்டு வைத்துக்கொள்வார். சேலத்துப் பெண்ணின் அப்பா அதட்டிப் பேசுவார். விழுப்புரத்துப் பெண்ணின் அப்பாவுக்கு இருமல். வாணியம்பாடி அப்பா சலாம் சொல்லித்தான் ஆரம்பிப்பார். என் அப்பா மெதுவாகப் பேசுகிற ஆள் என்று நான் சொன்னதால், எனக்காகப் பேசும்போது குரலைத் தழைத்துக்கொள்வார். ஒரு முறை அடுத்தடுத்து இரண்டு போன் வந்து, சேலத்து அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. இது என்ன எல்லா அப்பாவுக்கும் இருமல் என்று வார்டன் மேடம் எங்களிடமே கேட்டார். ஊரெல்லாம் பனி மேடம் என்று சமாளித்தோம்.

எந்த அப்பாவாக இருந்தாலும் ஒன்று மட்டும் மாறாது. கடைசியில், "இதோ அவங்கம்மாவும் பக்கத்துலதான் இருக்கா மேடம், அவளும் சரின்னுதான் சொல்றா" என்று ஒரு வரி சேர்ப்பார். காமிக்ஸில் இல்லாத பெண்ணைப் போனில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். அந்த வரிக்கு வார்டன் மேடம் உடனே இளகிவிடுவார். குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள் என்று தோன்றும் போலிருக்கிறது.

அவருக்குச் சொந்தமாகக் குடும்பம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஜவளகிரிப் பக்கம் ஒரு பெண்சாதி இருந்து போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொல்வார். அதெல்லாம் இல்லை, கல்யாணமே ஆகவில்லை என்பார் பக்கத்துக் கடைக்காரர். நான் கேட்டபோது, உத்தனப்பள்ளியில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு பாய்தான் தன்னை வளர்த்தார் என்று மட்டும் சொன்னார். டியூப் ஒட்டுகிற கையாலேயே சோறு ஊட்டுவாராம், சோறு முழுக்க சொல்யூஷன் வாடை அடிக்குமாம். ரம்ஜான் அன்று கடை கிடையாது. உத்தனப்பள்ளிக்குப் போய் அவர் அடங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

ஒரு வருடம் இப்படி ஓடியது. ஞாயிறுகளில் மலைக்கோயில் ஏறினோம், கோபி மஞ்சூரியன் சாப்பிட்டோம், கிருஷ்ணகிரி டேமுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டோம். நாங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பிறகு விழுப்புரத்துப் பெண், இருமல் அப்பாவின் மகள், அக்கா குழந்தைக்குக் காதுகுத்து என்று சொல்லி அவுட்பாஸ் கேட்டாள். அவரும் இருமி இருமிச் சரி என்றார். அவள் போனது காதுகுத்துக்கு இல்லை. கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்ன ஒருத்தனிடம் போனாள். நாலாம் நாள் முகம் வீங்கி, மணிக்கட்டு ஒடிந்து, ஒற்றைச் செருப்போடு வந்து கேட்டில் நின்றாள். அவள் அக்கா வந்து அழைத்துப்போனாள், கம்பெனியில் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. தம்பி என்று ஒருத்தனைப் போனில் பேச வைத்து லீவை நீட்டியிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்து, வார்டன் மேடமுக்கு ஆபீசில் சரியான டோஸ் விழுந்தது.

இதைச் சொன்னபோது அவர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். மிஷின் அதுபாட்டுக்குத் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது, நிறுத்தவில்லை. "நாந்தானே அனுப்புனேன்" என்றார். 

அதற்குப் பிறகு அவர் காமிக்ஸ் படிக்கிற விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் டெய்லர் பையனின் அப்பாவை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். பையன் ராத்திரி ஜன்னல் வழியாகக் கிளம்பும்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டுப் போ என்று மட்டும் சொல்கிறவர். இப்போது அதே பக்கத்தை என்னிடம் நீட்டி, "இவன் என்ன அப்பன்? ஒரு நாளாச்சும் போகாதன்னு சொன்னானா? ஜன்னல ஆணி வச்சு அடிச்சிருக்கணும்" என்றார். எனக்கு அப்போதே கொஞ்சம் பயமாக இருந்தது. பாவம், மனசு கெட்டுப்போயிருக்கிறது, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஏழு பேரையும் நிற்க வைத்து இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, எங்கே போகிறோம் என்று முதலில் அவர் எதிரில் வந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வார்டன் போன் வந்தால் அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார். இரண்டாவது, அம்மாவுக்கு சீரியஸ் என்று மட்டும் காரணம் சொல்லக் கூடாது. நாங்கள் அதை நிறைய முறை சொல்லியிருந்தோம், உடனே வேலைக்கு ஆகிற காரணம் அது ஒன்றுதான். "லீவுக்கு ஆசப்பட்டு அம்மாவச் சாகடிக்காதீங்க" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், அந்தப் புதன்கிழமை வந்தது. எனக்கு இரண்டாவது ஷிப்ட். விடிந்து பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சித்தி மகன் கூப்பிட்டான். அம்மா விடியற்காலையில் விறகு எடுக்கப் போனவளைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. முள் குத்தியது என்று நினைத்து வேலையைப் பார்த்திருக்கிறாள். கண் இமை தானாக மூட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்து, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். உன்னைத்தான் கேட்கிறாள், சீக்கிரம் வா என்றான்.

வாயில் நுரையோடு வார்டன் அறைக்கு ஓடினேன். ஜெராக்ஸ் கடை ஐம்பது அடியில் இருந்தது. கேட் பூட்டியிருந்தாலும் கையில் போன் இருந்தது. ஒரு வார்த்தை முதலில் அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அம்மா சாகக் கிடக்கிறாள் என்றால் எந்த அப்பாதான் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

வார்டன் மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் போன வாரம் வாங்கிய டோஸ் இன்னும் காதில் இருந்தது. அட்டையைப் பார்த்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி மேஜைமேல் வைத்தார். உங்கள் பெண் லீவு கேட்கிறாள், அவள் அம்மாவுக்கு சீரியஸ் என்கிறாள், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

 அந்தப் பக்கத்திலிருந்து என் அப்பாவின் தழைந்த குரல் வந்தது.

"யாரு மேடம் சொன்னா? அவங்கம்மா இதோ எம் பக்கத்துலதான் ஒக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டிருக்கா. நல்லா இருக்கா. பொய் சொல்றா மேடம், எங்கயும் அனுப்பாதீங்க."

போன் கட்டாகிவிட்டது.

 ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறவள், அந்த ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி அதை நானே நம்பிவிட்டேன். நல்லாத்தான் இருக்கிறாள் போலிருக்கிறது என்று மனசு துள்ளியது. அந்த ஒரு நொடியைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"மேடம், அது எங்கப்பா இல்ல" என்றேன். "எங்கப்பா செத்துட்டாரு மேடம்."

வார்டன் மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. "உசுரோட இருக்கற மனுசன செத்துட்டாருங்கறியே, உனக்கு நாக்கு அழுகாதா?" என்றார். சித்தி மகனைக் கூப்பிட்டுத் தருகிறேன், பேசுங்கள் என்றேன். போன வாரம் விழுப்புரத்துக்காரியும் ஒரு தம்பியைத்தான் பேச வைத்தாள் என்று சொல்லி என் போனைப் பிடுங்கிக்கொண்டார். நான் கத்தினேன், காலில் விழுந்தேன். கத்தக் கத்த இது ஓடிப்போகிற கேஸ் என்பது அவருக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. அறையிலிருந்த மற்றவர்களை வெளியேற்றி, அவர்கள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, என்னை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

கீழ்க்கட்டில்காரி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். ஒன்பது மணிக்குக் கேட் திறந்ததும் தலையில் துப்பட்டாவைக்கூடப் போடாமல் கடைக்கு ஓடினாள். நெஜமாவே அவங்கம்மா சாகப்போறாங்கண்ணா என்று சொன்னதும் அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டாராம். அவள்தான் பிறகு சொன்னாள்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் அவர் ஹாஸ்டலுக்குள் வந்தார். மேஜை இழுப்பறையை அப்படியே உருவிக் கையில் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். வாட்ச்மேன் தடுத்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் போட்ட சத்தத்தில் என்னைத் திறந்துவிட்டு வார்டன் அறைக்குக் கூட்டிவந்தார்கள், இழுப்பறை மேஜைமேல் இருந்தது. அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தான் மேடம் அந்த அப்பன். எட்டுப் பேருக்கும் நாந்தான். மொதல்ல இந்தப் பொண்ண அனுப்புங்க, அப்பறமா போலீஸக் கூப்புடுங்க."

வார்டன் மேடமுக்கு முதலில் புரியவில்லை. ஜெராக்ஸ்காரர் எதற்கு உளறுகிறார் என்றுதான் பார்த்தார். பிறகு என் அட்டையை எடுத்து நம்பரைப் போட்டார். இழுப்பறைக்குள் ஒரு போன் அடித்தது. சேலத்துப் பெண்ணின் அட்டையை எடுத்தார். இன்னொரு போன் அடித்தது. மேடம் நிறுத்தவில்லை, வாணியம்பாடி, தர்மபுரி, அரூர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் அடித்தது.  கடைசியாக விழுப்புரத்து நம்பரைப் போட்டார். அதுவும் அடித்தது. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குச் சொல்லி, சூப்பர்வைசர் வந்து, எழுதி வாங்கிக்கொண்டு என்னை விட்டபோது பத்து மணி. பஸ்ஸில் ஏறினேன். அவரும் ஏறினார். நான் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். சூளகிரி தாண்டும்போது என்னால் முடியவில்லை, எழுந்துபோய் அவர் எதிரில் நின்று கேட்டேன். பொய் என்று நினைத்தீர்கள், சரி. வேண்டாம் என்றீர்கள், அதுவும் சரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள் என்று எதற்குச் சொன்னீர்கள்?

"பழக்கத்துல வந்துருச்சு பாப்பா" என்றார்.

நான் என் சீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இன்றைக்கு அந்தக் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். ஹாஸ்டல் கேட்டில் விரல் வைக்கிற மிஷின் வந்துவிட்டது. நான் லைன் லீடர், எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவள் செல்போனில் பறக்கிறவர்களைப் பார்க்கும்போது, படத்தின் மூலையில் யாராவது இருக்கிறார்களா என்று என் கண் தானாகத் தேடுகிறது. விஷயம் வெளியே தெரிந்ததும் எங்களில் இரண்டு பேரை வீட்டிலிருந்து வந்து அழைத்துப்போய்விட்டார்கள், அவர்கள் திரும்ப வேலைக்கு வரவில்லை. அவர்மேல் புகார் கொடுத்ததாகவும், கட்டட ஓனர் காலி செய்யச் சொன்னதாகவும் கேள்வி. நான் காரியம் முடிந்து திரும்பியபோது ஷட்டர் இறங்கியிருந்தது. எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றேகால். வராந்தாவில் சித்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதரை வரைக்கும் அம்மாவுக்கு நினைவு இருந்ததாம். இமையைத் தூக்க முடியாததால் யார் பக்கத்தில் வந்தாலும் கையைத் தொட்டுத் தடவிப் பார்த்தாளாம். பாப்பாவா, பாப்பாவா என்று கேட்டாளாம். நர்ஸ் கையைக்கூடத் தொட்டுக் கேட்டாளாம். ஏழரைக்கே கிளம்பியிருந்தால் நான் ஒன்பது மணிக்கு அந்தக் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பேன்.

அவர் எனக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. 

அம்மாவைப் பார்க்க உள்ளே விட்டார்கள். கதவருகில் இருந்த காவலாளி, சொந்தக்காரர்கள் மட்டும் வரலாம் என்று சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டு அனுப்பினார். சித்தி போனாள், சித்தி மகன் போனான், மாமா போனார். நான் வாசலைத் தாண்டிவிட்டேன். அவரும் எனக்குப் பின்னாலேயே வந்து வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"நீங்க யாரு? பொண்ணுக்கு அப்பாவா?" என்று காவலாளி கேட்டார்.

வார்டன் மேடம் எட்டு நம்பரில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார், ஒன்றுக்கும் இந்த மனுஷன் தடுமாறியதில்லை.  இப்போது காவலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் என்று நின்றார்.

"இல்ல, யாரும் இல்ல" என்றேன்.

காலையில் இதைத்தானே கத்திக் கத்திச் சொன்னேன், காலில் விழுந்து சொன்னேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது குரலைக்கூட உயர்த்தவில்லை, காவலாளி உடனே நம்பிவிட்டார். அவர் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி, கொஞ்சம் வெளியே நில்லுங்க பெரியவரே என்றார். அந்த மனுஷன் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.